கழிவு என்று தள்ளாதே, அதுவும் எங்கள் விளைச்சல்!

  

ரேஷன் கடையில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குத் தருகிறார்கள். 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வருகிற எண்ணெய் இது. கடலை போடுகிறவன் வீட்டிலும் அதுதான் கொதிக்கிறது. தென்னந்தோப்பு வைத்திருப்பவன் வீட்டிலும் அதுதான் கொதிக்கிறது. வேறென்ன செய்வது? நம்ம கடலையை நாமே ஆட்டி, நாமே ஊற்றித் தின்கிற அளவுக்கு நம்ம கணக்கு இல்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த 25 ரூபாய் எண்ணெயை நிறுத்து என்று நாம் கேட்கவில்லை. ஏழை வீட்டு அடுப்பில் கை வைக்கிற கோரிக்கையை எந்த விவசாய சங்கமும் வைக்காது. நாம் கேட்பது வேறு. அந்தப் பாக்கெட்டுக்குள் இந்தோனேசியா, மலேசியா எண்ணெய்க்குப் பதிலாக நம்ம மண்ணில் விளைந்த எண்ணெய் ஏன் இருக்கக் கூடாது? கழிவு என்று ஒதுக்குகிற பொருளிலிருந்தே ஒரு பகுதி எண்ணெயை எடுக்கலாமே, அதை ஏன் ஒழுங்காக எடுக்கவில்லை? எடுத்தால் அந்தக் காசு யாருக்குப் போகும்? இந்த மூன்று கேள்விகளைத்தான் இந்தப் பிரசுரம் ஊர் முன்னால் வைக்கிறது.

பாமாயில் வந்த பாதை

பாமாயில் என்றதும் நம்ம ஊர்ப் பனை என்று நினைக்க வேண்டாம். இது எண்ணெய்ப் பனை. மலேசியத் தமிழர்கள் செம்பனை என்பார்கள்.

1986-ல் மத்திய அரசு எண்ணெய் வித்துகளுக்கென்று ஒரு தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. விதை கொடுத்தார்கள், விலை கொடுத்தார்கள், இறக்குமதியைக் கட்டுக்குள் வைத்தார்கள். விளைவு என்ன? 1990-களின் தொடக்கத்தில் நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெய் கிட்டத்தட்ட முழுவதையும் நம்ம விவசாயிகளே விளைவித்துக் கொடுத்தார்கள். மஞ்சள் புரட்சி என்று பேர் வைத்துப் பாராட்டினார்கள்.

பாராட்டிய வாய் மூடும் முன்னே கதவு திறந்தது. 1994-ல் பாமோலின் எண்ணெயை யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று அனுமதித்தார்கள். அப்போது வரி 65 சதம் இருந்தது. நாலே வருசத்தில், 1998-ல், அது 15 சதத்துக்கு இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மானாவாரி நிலமெல்லாம் மல்லாட்டை மணம் வீசிய காலம் போய், கடலைப் பரப்பு பாதிக்கும் கீழே விழுந்துவிட்டது. இன்று நாடு ஆண்டுக்கு 160 லட்சம் டன் அளவுக்குச் சமையல் எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதில் பாதிக்கு அருகே பாமாயில். ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேலே ஆண்டுதோறும் கடல் தாண்டிப் போகிறது.

வெளிநாட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2022-ல் பார்த்தோம். அந்த ஆண்டு ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மூன்றரை வாரம்தான், மே 23-ல் தடையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் இங்கே மளிகைக் கடையில் எல்லா எண்ணெயும் தாறுமாறாக ஏறியது. விலை ஏறினால் வரியைக் குறைப்பார்கள். வரி குறைந்தால் நம்ம கடலை விலை படுத்துவிடும். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கு அடிப்படை வரியை 20 சதம் ஆக்கினார்கள். பரவாயில்லை என்று மூச்சு விடும் முன்னே, 2025 மே கடைசியில் அதை 10 சதமாகக் குறைத்தார்கள். ஆடிப் பட்டத்துக்கு விதைக்கடலை எடுத்து வைக்கிற நேரம் பார்த்து இந்த அறிவிப்பு!

அங்கேயும் அழிவு, இங்கேயும் சுமை

அந்த எண்ணெய் விளைகிற நாட்டில் மட்டும் ஜனங்கள் சுகமாக இருக்கிறார்களா? இந்தோனேசியாவில் 2015-ல் காடும் சதுப்பு நிலமும் தீப்பிடித்து எரிந்தபோது சுமார் 26 லட்சம் ஹெக்டேர் சாம்பலானது. தோட்டப் பயிருக்காக நிலத்தைத் தீ வைத்துத் திருத்துவதும், சதுப்பு நிலத்து நீரை வடித்துவிடுவதும் அதற்கு முக்கியக் காரணம். மலேசியாவில் ரப்பர் தோட்டங்களைச் செம்பனைத் தோட்டங்களாக மாற்றியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் வேலையும் போய், லயன் வீடும் போய் வெளியே நின்றன. நம்ம தாத்தா பாட்டி காலத்தில் கப்பல் ஏறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

அதனால் அந்தப் பனையை இங்கேயே நட்டுவிடுவோம் என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாய்க்கு ஒரு தேசிய இயக்கம் அறிவித்தது. எண்ணெய்ப் பனைப் பரப்பை 10 லட்சம் ஹெக்டேராக்குவோம் என்றார்கள். ஹெக்டேருக்கு 3 முதல் 4 டன் எண்ணெய் தரும் மரம் என்பது உண்மைதான். வேறெந்த எண்ணெய்ப் பயிரும் அந்த அளவு தராது. ஆனால் கோடையில் ஒரு மரம் நாளைக்கு 200 லிட்டருக்கு மேலே தண்ணீர் கேட்கும். ஏக்கருக்கு 57 மரம். பெருக்கிப் பாருங்கள், ஒரு ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 11 ஆயிரம் லிட்டர்! ஆயிரம் அடி போர் போட்டும் புகை வருகிற ஊரில் இது நடக்கிற காரியமா? மூன்று நாலு வருசம் காய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். பழக்குலையை வெட்டினால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டு போக வேண்டும். பக்கத்தில் இருப்பது ஒரே ஆலை என்றால் அவன் சொல்வதுதான் விலை. கரும்பு போட்டு ஆலை வாசலில் நிலுவைக்கு நின்ற நமக்கு இந்தப் பாடத்தை யாரும் புதுசாகச் சொல்லித் தர வேண்டாம்.

பழைய ரொட்டியிலிருந்து எண்ணெய்

இந்த நிலையில்தான் வெளிநாடுகளில் ஒரு புது வழி பார்க்கிறார்கள். பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிறிஸ் சக் என்பவரும் அவர் குழுவினரும் பழங்களிலும் பூக்களிலும் இயற்கையாக இருக்கிற ஒரு வகை ஈஸ்டைப் பிடித்து, அதற்குக் கழிவைத் தீனியாகப் போட்டு எண்ணெய் எடுத்தார்கள். கள் புளிப்பதும் ரொட்டி உப்புவதும் ஈஸ்ட் என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரால்தான். அதிலேயே சில வகை, சர்க்கரைச் சத்தைத் தின்று உடம்பில் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும். அந்தக் கொழுப்பு கிட்டத்தட்ட பாமாயில் மாதிரியே இருக்கும். அறை வெப்பத்தில் அது பாதி கட்டியாக நிற்பதால் பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் ஆகும்.

இதை வைத்து பிரிட்டனில் 'கிளீன் ஃபுட் குரூப்' என்ற கம்பெனி விற்காமல் மிஞ்சிய ரொட்டியைத் தீனியாகப் போடுகிறது. நெதர்லாந்தில் 'நோபாம் இன்கிரீடியன்ட்ஸ்' என்ற கம்பெனி உருளைக்கிழங்குத் தோல் போன்ற கழிவை எடுக்கிறது. சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நுண்பாசியிலிருந்து இதே மாதிரி எண்ணெய் எடுத்ததாக 2022-ல் அறிவித்தார்கள். நியூயார்க்கில் 'சி16 பயோசயன்ஸஸ்' என்ற ஈஸ்ட் எண்ணெய்க் கம்பெனிக்கு 2020-ல் பில் கேட்ஸ் தொடங்கிய முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் 2 கோடி டாலர் போனது. காசுள்ளவன் சும்மா காசு போட மாட்டான்!

இந்த வழியை நாம் எதிர்க்கவில்லை. வரவேற்கிறோம். காடு அழியாமல், புது நிலம் கேட்காமல் எண்ணெய் வருகிறதென்றால் நல்லதுதானே? 2022-ல் மட்டும் உலகத்தில் வீடுகளிலும் கடைகளிலும் ஓட்டல்களிலுமாக 105 கோடி டன் உணவு வீணானது என்று ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்கிறது. அதில் கொஞ்சம் எண்ணெயானாலும் லாபம்தான். ஆனால் ஆகா ஓகோ என்று கைதட்டும் முன் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

தக்காளியிலிருந்து எண்ணெய் வருமா?

ஈஸ்ட் ஒரு கிலோ எண்ணெய் கொடுக்க வேண்டுமானால் சுமார் 5 கிலோ சர்க்கரைச் சத்தைத் தின்ன வேண்டும். விலை இல்லாமல் ரோட்டில் கொட்டுகிறோமே தக்காளி, அதில் நூற்றுக்கு 94, 95 பங்கு தண்ணீர். சர்க்கரை 3 பங்குதான். 100 கிலோ தக்காளியைப் போட்டால் அரை கிலோ எண்ணெய்க்குக் கொஞ்சம் மேலே வரும். லாரி வாடகைக்குக் கட்டுமா? கட்டாது. ஆகவே, "இனி உங்க தக்காளி வீணாகாது, எண்ணெய் ஆலை வருது" என்று யாராவது மேடை போட்டுச் சொன்னால் நம்ப வேண்டாம். தக்காளிக்கு வேண்டியது கட்டுப்படியான விலையும், குளிர்பதனக் கிடங்கும், கூழ் ஆலையும்தான்.

மாவுச்சத்து நிறைந்த கழிவு என்றால் கதை வேறு. சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் குச்சிக்கிழங்கு அரைக்கிற சேகோ ஆலைகளில் மிஞ்சுகிற திப்பியைக் காயவைத்தால் அதில் பாதிக்கு மேலே மாவுச்சத்து இருக்கிறது. உடைந்த அரிசி, நொய், பேக்கரியில் மிஞ்சிய ரொட்டி இவையெல்லாம் இந்த வழிக்கு ஆகும். கல்யாண மண்டபத்து எச்சில் இலையில் கலந்து கிடப்பது ஆகாது. தின்கிற எண்ணெய் எடுக்க வேண்டுமென்றால் போடுகிற தீனியும் சுத்தமாக, பிரித்து வைத்ததாக இருக்க வேண்டும்.

அதோடு, ஈஸ்ட் எண்ணெய் இன்னும் பாமாயில் விலைக்கு இறங்கி வரவில்லை. முதலில் அது முகத்துக்குப் பூசுகிற கிரீமுக்குத்தான் போகிறது. நம்ம ரேஷன் கடைக்கு வர நாளாகும். ஆராய்ச்சி நடக்கட்டும். அதுவரைக்கும் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டுமா?

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு...

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள். கழிவிலிருந்து எண்ணெய் எடுக்கிற வித்தை நமக்குப் புதுசில்லை. நெல் அரைத்தால் வருகிற தவிடு இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கிற தவிட்டு எண்ணெயில் உலகத்திலேயே முன்னணியில் இருப்பது இந்தியாதான். புதுசாக ஒரு சென்ட் நிலம் வேண்டாம், ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். நெல்லுக்குப் பாய்ச்சிய தண்ணீரிலேயே இந்த எண்ணெயும் விளைந்துவிட்டது.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வசதி உண்டு. பச்சரிசித் தவிடு சீக்கிரம் கெட்டுப்போகும். அரைத்த நிமிசத்திலிருந்து அதிலுள்ள நொதி எண்ணெயைக் கெடுக்க ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குள் எண்ணெய் எடுத்துவிட வேண்டும், அல்லது சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். ஆனால் நாம் பெரும்பாலும் நெல்லை அவித்து அரைக்கிறவர்கள். அவிக்கும்போதே அந்த நொதி செத்துவிடுகிறது. புழுங்கல் தவிடு நாள் தாங்கும். எண்ணெயும் கூடுதல், பச்சரிசித் தவிட்டில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு என்றால், புழுங்கல் தவிட்டில் 20 முதல் 25 பங்கு வரை நிற்கும். நம்ம பாட்டிமார் நெல் அவித்த வழக்கம் எண்ணெய்க்கும் உதவுகிறது!

குறையையும் சொல்லிவிடுவோம். ஊர் ஹல்லர் மிசினில் தவிடும் உமியும் கலந்து வரும். அதில் எண்ணெய் எடுத்தால் கட்டாது. நவீன ஆலையில் வருகிற சுத்தமான தவிடுதான் ஆகும். செக்கில் ஆட்டி எடுக்க முடியாது, கரைப்பான் ஆலை வேண்டும், மெழுகு நீக்கிச் சுத்திகரிக்க வேண்டும். இதெல்லாம் செலவுதான். ஆனால் தெரியாத தொழில்நுட்பம் இல்லை. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுப் பதன நிறுவனம் இருக்கிறது. அது முதலில் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கியதுதான்.

தவிடு மட்டுமா? கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளில் மலை மலையாகக் குவிகிற மாங்கொட்டைக்குள்ளே பருப்பு இருக்கிறது. அந்தப் பருப்புக் கொழுப்பை சாக்லேட்டில் 5 சதம் வரை சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டது. அந்தப் பட்டியலில் பாமாயிலுக்குப் பக்கத்திலேயே நம்ம மாங்கொட்டையும் இருக்கிறது. 2025 கோடையில் பெங்களூரா மாங்காய்க்கு விலை இல்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். சதைக்கே விலை தராதவன் கொட்டைக்கா தரப் போகிறான்? கொட்டையிலும் காசு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நம்ம மாடு எதைத் தின்னும்?

இங்கே ஒரு நிமிசம் நிற்க வேண்டும். பட்டணத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் தவிடு, திப்பி, புண்ணாக்கு எல்லாவற்றுக்கும் கழிவு என்று பேர் வைத்துவிட்டார்கள். கிராமத்தில் இதில் எது கழிவு? ரெண்டு கறவை மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற குடும்பத்துக்குத் தவிடுதான் தீனி, திப்பிதான் தீனி. நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி வந்து மாவட்டத்துத் திப்பி முழுவதையும் மொத்தமாக விலை பேசி எடுத்துக்கொண்டால், நம்ம மாட்டுத் தீனி விலை என்ன ஆகும்? பால் விலை ஏறுமா? ஏறாது. எண்ணெய் பட்டணத்துக்கு, பட்டினி நம்ம மாட்டுக்கு என்றாகிவிடும்.

இது வெறும் பயம் இல்லை. எண்ணெய் எடுத்த தவிட்டை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு 2023 ஜூலையில் தடை போட்டது. தீவன விலை ஏறுகிறது, பால் விலை ஏறுகிறது என்பதுதான் அப்போது பேசப்பட்ட காரணம். 2025 அக்டோபரில்தான் அந்தத் தடை விலகியது. தவிட்டுக்கும் பாலுக்கும் உள்ள உறவு டெல்லிக்கும் தெரிந்த சங்கதிதான்.

அதனால் நாம் சொல்வது இதுதான். தவிட்டில் எண்ணெயை எடு. எடுத்த பின் மிஞ்சுகிற தவிட்டில் புரதம் அப்படியே இருக்கிறது. அதைத் தீவனமாக்கி அதே ஊர்ப் பால் சொசைட்டிக்கு நியாய விலையில் திருப்பிக் கொடு. திப்பியையும் மாட்டுக்குப் போக மிஞ்சியதைத்தான் எடுக்க வேண்டும்.

தவிட்டுக் காசு யாருடையது?

அரசு கொள்முதல் நிலையத்தில் நாம் நெல் போடுகிறோம். அந்த நெல்லை ஆலைக்கு அரைவைக்குக் கொடுக்கிறார்கள். அரிசியை ஆலைக்காரர் அரசுக்குத் திருப்பித் தர வேண்டும். தவிடும் நொய்யும் உமியும் ஆலைக்காரருக்கு. அதையும் கணக்கில் வைத்துத்தான் அரைவைக் கூலி குறைவாக வைத்திருக்கிறோம் என்பார்கள். சரி, அரசுக்கும் ஆலைக்கும் கணக்கு நேராகிவிட்டது. நெல் போட்டவன் கணக்கில் தவிடு எங்கே வருகிறது? ஈரப்பதம் ஒரு புள்ளி கூடினால் மூட்டையைத் திருப்புகிறார்கள். அதே மூட்டைக்குள் இருக்கிற எண்ணெய்க்கு ஒரு பைசா கணக்கு உண்டா?

நாம் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சமீப ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதல் 30 லட்சம் டன் நெல்லுக்குக் குறைந்ததில்லை. அந்த 30 லட்சத்தையே வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 6 என்று பார்த்தாலும் 1 லட்சத்து 80 ஆயிரம் டன் தவிடு. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 36 ஆயிரம் டன். சுத்திகரிப்பில் கழிவது போக 30 ஆயிரம் டன் கைக்கு வரும். ஒரு பகுதித் தவிடு இப்போதே எண்ணெய் ஆலைக்குப் போகிறது என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணெய் பட்டணத்துக் கடையில் 'இருதயத்துக்கு நல்லது' என்று அச்சடித்த பாட்டிலில் விற்கிறது. அதை விளைவித்தவன் ரேஷனில் பாமாயில் வாங்குகிறான்.

இனி ரேஷன் பக்கம். 2 கோடி குடும்பத்துக்கு மாதம் ஒரு லிட்டர் என்றால் ஆண்டுக்கு 24 கோடி லிட்டர், அதாவது சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் டன். தவிட்டு எண்ணெய் 30 ஆயிரம் டன் அதில் ஏழில் ஒரு பங்குதான். தனியார் ஆலைகள் அரைக்கிற நெல்லையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஆகவே தவிடு ஒன்றே போதும் என்று நாம் யாரையும் ஏமாற்ற மாட்டோம்.

மீதி 1 லட்சத்து 90 ஆயிரம் டன்னுக்கு எங்கே போவது? கடலைக்குப் போ, எள்ளுக்குப் போ, தேங்காய்க்குப் போ! ஒரு ஏக்கரில் ஒரு டன் கடலைக்காய் விளைந்தால் சுமார் 300 கிலோ எண்ணெய். ஆறரை லட்சம் ஏக்கர் கடலை இருந்தால் மீதி முழுக்க வந்துவிடும். 1990-களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை தமிழ்நாட்டில் நாம் கைவிட்ட கடலைப் பரப்பில் பாதி திரும்பினாலே அது கிடைக்கும். ஆள் இருக்கிறோம், மண் இருக்கிறது, விதை இருக்கிறது. வாங்குகிறேன் என்று சொல்ல ஆள் இல்லை. 2025-26 பருவத்துக்குக் கடலைக்கு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய் என்று அறிவித்தார்கள். எடுத்து வாங்க ஆளில்லாத இடத்தில் அந்த விலை சுவரில் ஒட்டிய காகிதம்தான்.

கடலை எண்ணெய் பாமாயிலை விட விலை கூடுதல் என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஆமாம், கூடுதல்தான். அதனால்தான் ஒரே நாளில் மாற்று என்று கேட்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு மாதத்தில் தொடங்கு. நெல் மாவட்டத்தில் தவிட்டு எண்ணெய், மானாவாரி மாவட்டத்தில் கடலை எண்ணெய், தென்னை மாவட்டத்தில் தேங்காய் எண்ணெய் என்று கொடுத்துப் பார். இன்றைக்கு அரசு தருகிற மானியம் கடைசியில் வெளிநாட்டுத் தோட்ட முதலாளிக்குப் போகிறது. அதே மானியம் நம்ம ஊரில் சுற்றினால் கூலியாகும், தீவனமாகும், பிள்ளைகள் படிப்பாகும்.

இன்னொரு கழிவு எண்ணெய் உண்டு, அதைப் பற்றி எச்சரிக்கை. ஓட்டலில் திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் அது. அதை ஓரளவுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் விதி இருக்கிறது. அது டீசலுக்குப் போக வேண்டிய சரக்கு. மலிவு எண்ணெய் என்று சந்தையில் யாராவது கேனில் விற்றால் வாங்காதீர்கள். கழிவிலிருந்து எண்ணெய் என்ற நல்ல பேச்சைச் சொல்லி இந்த விஷத்தை உள்ளே விட இடம் கொடுக்கக் கூடாது.

நமது கோரிக்கைகள்

மத்திய, மாநில அரசுகளே!

1. ரேஷன் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாக உள்நாட்டு எண்ணெயைப் படிப்படியாகக் கொடு. விலை அதே 25 ரூபாயாக இருக்க வேண்டும்.

2. அரசுக் கொள்முதல் நெல்லிலிருந்து வருகிற தவிடு எவ்வளவு, அது எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடு. தவிட்டின் மதிப்பில் நெல் போட்டவனுக்குக் குவிண்டாலுக்கு இவ்வளவு என்று பங்கு கொடு.

3. தவிட்டு எண்ணெய், மாங்கொட்டைக் கொழுப்பு ஆலைகளைக் கூட்டுறவிலும் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளிலும் தொடங்க மூலதனம் கொடு. எண்ணெய் எடுத்த தவிட்டையும் புண்ணாக்கையும் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முதலில் கொடு.

4. திப்பி, நொய் போன்ற மாவுக் கழிவிலிருந்து ஈஸ்ட் எண்ணெய் எடுக்கும் ஆராய்ச்சியை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பொதுப் பணத்தில் நடத்து. முடிவை எந்த ஒரு கம்பெனிக்கும் தனி உரிமையாக எழுதிக் கொடுக்காதே. மாட்டுத் தீனிக்குப் போக மிஞ்சியதை மட்டும் எடு.

5. சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை நினைத்தபோது குறைக்காதே. விதைப்புக்கு முன் அறிவித்த வரி அறுவடை வரை நிற்க வேண்டும். கடலை, எள், கொப்பரையை ஆதரவு விலையில் நேரடியாகக் கொள்முதல் செய்.

6. நிலத்தடி நீர் அளவைப் பார்க்காமல் எந்த ஒன்றியத்திலும் எண்ணெய்ப் பனை நடச் சொல்லி விவசாயியை நெருக்காதே.

என்ன செய்யப் போகிறோம்?

இந்தப் பிரசுரத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். டீக்கடையில் சத்தமாக வாசியுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களிடம் சொல்லுங்கள், ரேஷன் பையைத் தூக்குவது அவர்கள்தான். அடுத்து வருகிற கிராம சபையில், ரேஷனில் உள்நாட்டு எண்ணெய் வேண்டும், தவிட்டில் பங்கு வேண்டும் என்ற இரண்டு தீர்மானத்தையும் எழுதி நிறைவேற்றுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். நகலை வாங்கிச் சங்கத்தில் கொடுங்கள். மாதந்தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒவ்வொரு ஒன்றியத்திலிருந்தும் இந்த ஒரே மனுவைக் கொடுப்போம். பதில் வராவிட்டால் சங்கம் அறிவிக்கிற நாளில், ஆளுக்கு ஒரு படி தவிட்டைத் துணியில் முடிந்துகொண்டு தாலுகா ஆபீஸ் முன்னால் உட்காருவோம். ஆலை வைத்திருப்பவர்களும் வரட்டும், பால் ஊற்றுகிறவர்களும் வரட்டும். இது அவர்களுக்கும் சேர்ந்த கணக்கு.

நெல்லில் அரிசி மட்டும் இல்லை, எண்ணெயும் இருக்கிறது. கிழங்கில் மாவு மட்டும் இல்லை, திப்பியும் இருக்கிறது. அதற்குப் பட்டணத்துக்காரன் கழிவு என்று பேர் வைக்கட்டும். நாளைக்கு அதிலே காசு விளைகிறபோது, விளைவித்தவன் பெயரும் கணக்கில் இருக்க வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!

தவிடும் எங்கள் விளைச்சல், தா எங்கள் பங்கை!
ரேஷன் கடையில் கொடு, எங்கள் மண்ணின் எண்ணெயை!
மாட்டுத் தீனியைப் பறிக்காதே, கம்பெனிக்குத் தாரை வார்க்காதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!